தொட்டில் முதல் சந்தூக்கு வரை

நெய்வேலியில் வாழும் நமக்கு மரம் என்ற சொல் இரு பொருள் தருவது. ஒன்று, நகரியத்தின் சாலையோரங்களில் நிழல் பரப்பி நிற்கும் மரம். மற்றொன்று, மண்ணுக்கடியில் படிந்து கிடக்கும் மரம். பழுப்பு நிலக்கரிக்கு மேலைநாட்டார் இட்ட 'லிக்னைட்' என்ற பெயர், மரம் எனப் பொருள்படும் 'லிக்னும்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காடுகள் மண்ணுள் அமிழ்ந்து, இறுகி, நிறம் மாறிக் கிடந்தன. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது அந்தக் கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி கிட்டியது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

மரம் எரிந்து ஒளியாகும் ஊர் இது. மரத்தை எரிக்காமல் அறுத்து, இழைத்து, இணைத்து, மனிதனின் உடலுக்கும் இல்லத்துக்கும் துணையாக்கிய கலை ஒன்று இதே வட்டாரத்தில், இதே கடற்கரையில் செழித்திருந்தது. அக்கலையின் கைவண்ணம் உலகின் பெரும் அரும்பொருட்காட்சியகங்களில் இருக்கிறது; அதைப் படைத்த கைகளுக்குரியவரின் பெயரோ எங்கும் இல்லை. அந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களில் உறையும் வரலாறு

நம் வீட்டுச் சாமான்களின் பெயர்களைச் சற்று உற்று நோக்குவோம். 'மேசை' போர்த்துக்கீசியச் சொல். 'அலமாரி'யும் அவ்வாறே. இலங்கைத் தமிழர் நாற்காலியைக் 'கதிரை' என்பர். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. 'பீரோ' பிரெஞ்சு மொழியில் பிறந்து ஆங்கிலத்தின் வழியே வந்தது. 'சோபா' என்பதை ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுவர். அதன் வேர் 'சுஃப்பா' என்ற அரபுச் சொல்லாகும். மதீனாப் பள்ளிவாசலில் வீடற்ற ஏழைத் தோழர்கள் தங்கி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கல்வி கற்ற திண்ணையும் இதே பெயரால்தான் வழங்கப்பட்டது. திண்ணைத் தோழர்களின் எளிய இருக்கையைச் சுட்டிய சொல், ஐரோப்பா சென்று பஞ்சணை பொதிந்த ஆசனத்தின் பெயராகித் திரும்பி வந்திருப்பது விந்தையன்றோ?

இவற்றுக்கு மாறாகத் தொட்டில், கட்டில், ஊஞ்சல், பெட்டி, மணை ஆகியவை நமக்கே உரிய சொற்கள். தமிழர் பாயில் அமர்ந்து, மணையில் இருந்து உண்டு வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்களுக்கு வேண்டியிருந்த மரச் சாமான்கள் சில. அந்தச் சிலவற்றில் அவர்கள் காட்டிய நுட்பமோ பெரிது. அரியணையைக் கூட 'அரசு கட்டில்' என்றே பழந்தமிழர் வழங்கினர். முரசு கட்டிலில் அறியாது உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய செய்தியைப் புறநானூறு கூறும். தந்தம் பதித்த அரசியின் கட்டிலை நெடுநல்வாடை விரிவாகப் பேசும். இரண்டாயிரம் ஆண்டுக்கால மரபுடைய தொழில் இது என்பதற்கு இவையே சான்று.

கடல் கடந்த தேக்கு

தேக்கு என்னும் தென்னாட்டுச் சொல்லே போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே அரபு வணிகர் அம்மரத்தை அறிந்திருந்தனர். அவர்கள் அதனை 'ஸாஜ்' என்றனர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியல் அறிஞர் அல்-இஸ்தக்ரீ, பாரசீக வளைகுடாவின் பெருந்துறைமுகமான சீராஃப் நகரின் வீடுகள் தேக்காலும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மரங்களாலும் கட்டப்பட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். மரம் விளையாத நாட்டில் மாளிகைகள் எழுந்தன. அவற்றின் உத்தரங்களில் நம் நாட்டு மழையும் மண்ணும் வாழ்ந்தன எனலாம்.

இன்று உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களில் மிகப் பழமையானது, துனீசிய நாட்டின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் இருப்பது. ஒன்பதாம் நூற்றாண்டில் உருவான அந்த மிம்பர், இந்தியாவிலிருந்து கடல்வழி சென்ற தேக்கில் செதுக்கப்பட்டது. பதினொரு நூற்றாண்டுகளாக ஜும்ஆ உரைகள் அதன் மீதிருந்து ஒலித்து வந்திருக்கின்றன.

மிம்பரின் தொடக்கம் மிக எளியது. பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் ஒரு பேரீச்ச மரத் தண்டில் சாய்ந்தே உரை நிகழ்த்தினார்கள். பின்னர் அன்சாரிப் பெண்மணி ஒருவர், தம்மிடம் பணிபுரிந்த தச்சரைக் கொண்டு மூன்று படிகளுடைய மேடை ஒன்றைச் செய்வித்தார். காட்டில் வளரும் ஒருவகைச் சவுக்கு மரத்தால் அது செய்யப்பட்டது என்று ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. மரம் எது என்பதும், எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதும், செய்தவர் யார் என்பதும் கூட அக்கால மக்களால் விசாரிக்கப்பட்டு, அறிவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக விளங்கினார்கள் என்றும் ஹதீஸ் உண்டு. கைத்தொழிலாளியை மதிக்கும் மரபுக்கு இவற்றைவிட வேறு அடிப்படை வேண்டுமோ?

ஒற்றைப் பலகையில் ஓர் அற்புதம்

நம் இல்லங்களில் குர்ஆனை விரித்து வைத்து ஓதும் ரெஹாலை நாள்தோறும் காண்கிறோம். அதன் அமைப்பை நம்மில் எத்தனை பேர் கூர்ந்து நோக்கியிருக்கிறோம்?

பழைய முறையில் செய்த ரெஹாலில் ஆணி இல்லை, கீல் இல்லை, பசையும் இல்லை. இரண்டு பலகைகளைக் கோத்தது போலத் தோன்றினும், அது ஒரே பலகைதான். தச்சர் முதலில் பலகையின் குறுக்கே மூட்டு வரவேண்டிய இடத்தைக் கோடிட்டு அளந்து கொள்கிறார். இரு முகங்களிலும் உளியால் விரல்கள் போன்ற பகுதிகளை மாறி மாறிச் செதுக்கி உருட்டுகிறார். பிறகு பலகையின் கனத்தை நடுவே பிளப்பது போல, மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் வாளை ஓட்டி மூட்டுவரை அறுக்கிறார். மெல்ல விரித்தால், கோத்த விரல்கள் போல ஒன்றினுள் ஒன்று சுழன்று பலகை இரு சிறகுகளாக விரிகிறது. அவ்விரண்டையும் உடைத்தாலன்றிப் பிரிக்க இயலாது. ஒரு நூலிழை அளவு தவறினும் முழுப் பலகையும் வீண். திருத்துவதற்கு இடமே தராத வேலை அது.

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அரும்பொருட்காட்சியகத்தில் இத்தகைய ரெஹால் ஒன்று உள்ளது. ஹிஜ்ரி 761, அதாவது கி.பி. 1360 என்ற ஆண்டு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மரம் தேக்கு. செய்தவர் ஹசன் இப்னு சுலைமான் அல்-இஸ்பஹானி என்ற பெயரும் அதிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அந்தத் தச்சரை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம். அவர் தம் பெயரை உளியால் எழுதி வைத்ததே அதற்குக் காரணம்.

தமிழகத்தில் ரெஹாலும் மிம்பரும் செய்தவர்களுள் விசுவகர்ம குலத்து ஆசாரிமார் பலர். கோயில் தேருக்கு மரம் செதுக்கிய அதே உளி பள்ளிவாசல் மிம்பருக்கும் கொடியும் பூவும் செதுக்கியது. உருவம் கூடாது என்று ஜமாஅத்தார் கூறினால், இலையும் கொடியும் கோலமும் போதும் என்று அவர் வேலையைத் தொடங்குவார். இரு சமயத்தாரின் உறவு மரத்திலும் இணைப்பாக நின்ற காலம் அது.

கருங்காலி நாற்காலிகளின் கதை

இனி நம் கடற்கரைக்கு வருவோம். நெய்வேலிக்குக் கிழக்கே கடலூர். தென்கிழக்கே, முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றழைத்த பரங்கிப்பேட்டை. அதற்கும் தெற்கே தரங்கம்பாடி, நாகப்பட்டினம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரை நெடுகிலும் ஐரோப்பியர் கம்பெனிகள் வரிசையாக வந்து அமர்ந்தன. டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1610-ஐ ஒட்டிக் காலூன்றினர். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். தரங்கம்பாடிக்கு 1620-இல் டேனியர் வந்தனர். புதுச்சேரியில் 1674-இல் பிரெஞ்சுக்காரர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் வாங்கினர்.

வந்தவர்கள் பாயில் அமர்ந்து பழகாதவர்கள். அவர்களுக்கு நாற்காலி வேண்டும், சாய்விருக்கை வேண்டும், மேசை வேண்டும். மாதிரியை அவர்கள் காட்டினர். செய்து கொடுத்தவர்கள் இக்கரைத் தச்சர்கள். இரும்பைப் போல் கனத்து, நீரில் மூழ்கும் தன்மையுடைய கருங்காலி மரத்தை அவர்கள் தேர்ந்தனர். தென்னாட்டிலும் இலங்கையிலும் கிடைத்த அம்மரத்தில் உளி எளிதில் ஏறாது. அதில் இடைவெளியே தெரியாதவாறு பூக்களும் கொடிகளும் பறவைகளும் புராண உருவங்களும் நிறைத்தனர். கால்களையும் கம்புகளையும் முறுக்கிய கயிறு போலக் கடைந்தனர். இருக்கையைப் பிரம்பால் பின்னினர். டச்சுக் கம்பெனியின் இயற்கை அறிஞர் ரம்பியஸ், சோழமண்டலக் கரையில் கருங்காலியால் நாற்காலிகளும் பெஞ்சுகளும் சிறு மேசைகளும் செய்யப்படுவதைத் தம் தாவர நூலில் குறித்திருக்கிறார்.

அதே டச்சுக் கம்பெனி, அதே நூற்றாண்டில், இக்கரையிலிருந்து பல்லாயிரம் பேரை அடிமைகளாக வாங்கி பத்தேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கப்பலேற்றியது. பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில் அவ்வாணிகம் பெருகிற்று. நாற்காலி சென்ற கப்பல்களிலேயே மனிதரும் சரக்காகச் சென்ற காலம் அது. இந்நாற்காலிகளின் அழகைப் பேசும்போது இதனையும் மறத்தலாகாது.

பிறகு நடந்தது வரலாற்றின் வேடிக்கை. இந்தக் கருங்காலி நாற்காலிகள் இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைச் சென்றடைந்தன. கறுத்த நிறமும் அடர்ந்த செதுக்கலும் முறுக்கிய கால்களும் கண்ட அந்நாட்டார், இவை எங்கிருந்து வந்தவை என்பதை இரண்டு தலைமுறைக்குள் மறந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற எழுத்தாளரும் பழம்பொருள் ஆர்வலருமான ஹொரேஸ் வால்போல், இவை ஆங்கில மன்னன் எட்டாம் ஹென்றி காலத்தவை என்று நம்பினார். அம்மன்னனின் அமைச்சர் கார்டினல் உல்ஸியோடு தொடர்புடைய மாளிகை ஒன்றில் இத்தகைய நாற்காலிகள் இருந்ததே அவர் நம்பிக்கைக்கு ஆதாரம். 1763-இல் அவரே ஒரு தொகுதியை வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். பெரியவர் சொல்லிவிட்டார் அல்லவா? செல்வர் பலரும் தேடித் தேடி வாங்கித் தங்கள் மாளிகைகளை 'பழைய ஆங்கில' மணம் கமழ அலங்கரித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இந்தப் பிழை நீடித்தது.

சோழமண்டலத் தச்சரின் கைவேலை, ஆங்கிலேயரின் பழம்பெருமைக்குச் சான்றாக அவர்கள் கூடத்திலேயே அமர்ந்திருந்தது! இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர்களே ஆவணங்களையும் செதுக்கல் முறையையும் ஒப்பிட்டு உண்மையை நிலைநாட்டினர். இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருட்காட்சியகத்திலும் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அரும்பொருட்காட்சியகத்திலும் இவை 'சோழமண்டலக் கரை' என்ற பெயர்ச்சீட்டுடன் நிற்கின்றன. கரைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தச்சருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இஸ்பஹானைச் சேர்ந்த ஹசன் தம் பெயரைப் பொறித்தார். நாகப்பட்டினத்துத் தச்சரோ தம் பெயரைப் பொறிக்கவில்லை, கேட்டு எழுதி வைப்பாரும் இல்லை.

கொரியா காட்டும் பாடம்

நம்மைப் போலவே தரையில் அமர்ந்து வாழ்ந்த மற்றொரு மக்களை இங்கே ஒப்பிடலாம். கொரிய நாட்டார் குளிர்காலத்தில் தரைக்கு அடியே புகையும் வெப்பமும் செல்லும்படி வழி அமைத்து, தரையையே சூடாக்கி, அதன்மேல் அமர்ந்தும் உறங்கியும் வாழ்ந்தனர். ஆகவே அவர்களுடைய பெட்டிகளும் அலமாரிகளும் தாழ்ந்தவை; தரையின் சூடு நேரே தாக்காதவாறு குட்டைக் கால்கள் உடையவை. கோடையில் ஈரம், குளிரில் வறட்சி என மாறும் தட்பவெப்பத்தில் மரம் விரியும், சுருங்கும். எனவே சட்டத்தில் பள்ளம் வெட்டிப் பலகையை இறுக்காமல் செருகி, அது அசைய இடம் விட்டனர். ஆணியைக் கூடிய மட்டும் தவிர்த்துக் கழுந்தும் துளையுமாக இணைத்தனர். நம் ஊர்ப் பழைய கதவுகளில் சட்டத்துள் பலகை செருகியிருக்கும் முறையும் இதுவே. இரு நாட்டுத் தச்சரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மரம் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

ஆண்கள் கல்வி கற்கும் அறைக்கு அலங்காரமற்ற எளிய சாமான். பெண்கள் பகுதிக்குப் பித்தளைப் பூண்களும் சிப்பி பதித்த வேலைப்பாடும் கொண்ட பெட்டிகள். பெண் குழந்தை பிறந்தால் விரைவில் வளரும் ஒரு மரத்தை நட்டு, அவள் திருமணத்தின்போது அதனை வெட்டிப் பெட்டி செய்து கொடுப்பது அவர்களிடையே வழங்கிய மரபு. சீர்ப்பெட்டி கண்ட நம் குடும்பங்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

ஜப்பானியர் ஆட்சியில் அந்தக் கலை ஏளனத்துக்கு உள்ளாயிற்று. எனினும் அசகாவா தகுமி என்ற ஜப்பானிய வனத்துறை ஊழியர் கொரியரின் சிற்றுண்டி மேசைகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, 1929-இல் நூலாக வெளியிட்டார். விடுதலைக்குப் பின், 1962-இல் கொரியக் குடியரசு பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1975-இல் மரச் சாமான் செய்யும் தச்சுக்கலை 55-ஆம் எண்ணுடைய கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அரசு காப்பது பொருளை மட்டுமன்று. அக்கலையைக் கையில் வைத்திருக்கும் மனிதரைப் பெயர் குறித்து அறிவித்து, மாணாக்கருக்குக் கற்பிக்க உதவித்தொகையும் வழங்குகிறது.

நம் நாட்டிலும் சில முயற்சிகள் நிகழாமல் இல்லை. முன்னாளில் நம் தென்னார்க்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மகிழத்தக்க செய்தியே. ஆயின் அது ஊருக்குக் கிடைத்த பெயர். மனிதருக்குக் கிடைத்த பெயரன்று.

எரிந்த மிம்பர்

ஒரு கலையை இழந்துவிட்டால் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு ஜெரூசலம் நகரின் அக்ஸாப் பள்ளிவாசல் மிம்பரே சான்று. சுல்தான் நூருத்தீன் ஆணையால் 1168-ஐ ஒட்டி அலெப்போ நகரில் தொடங்கப்பட்ட அதனை, 1187-இல் ஜெரூசலத்தை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அங்கே நிறுவினார். ஆணியும் பசையும் இன்றி ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகளைக் கோத்து எழுப்பிய படைப்பு அது. அதைச் செய்த தச்சர்கள் தம் பெயர்களை அதிலேயே பொறித்திருந்தனர். அலெப்போவின் ஹுமைத் இப்னு ளாஃபிர், ஸல்மான் இப்னு மஆலீ ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

1969 ஆகஸ்ட் 21-ஆம் நாள் ஒருவன் இட்ட தீயில் அம்மிம்பர் சாம்பலாயிற்று. முஸ்லிம் உலகம் துடித்தது. புதிதாகச் செய்து வைக்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தது, பொருளும் இருந்தது, செய்யும் முறைதான் தெரியவில்லை. எஞ்சிய நிழற்படங்களைக் கொண்டு கோலங்களின் கணக்கை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. பல நாட்டுத் தச்சர்கள் ஜோர்தானில் கூடி உழைத்தனர். 2007-இல்தான் புதிய மிம்பர் அக்ஸாவில் ஏறியது. தீ எரிக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. மீட்க 38 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நம் கடமை

இத்துணையும் கூறியது நம் வாசலுக்கு வந்து சேரவே. நெய்வேலி நகரியத்தில் நாம் வாழும் வீடுகள் நிறுவனத்துக்கு உரியவை. 2016-இல் அந்நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறிய பின்னரும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்நாளில் பெற்றோர் ஊரிலிருந்து வந்த கனத்த மரப்பெட்டியும், பாட்டியார் காலத்துத் தொட்டிலும், கால் ஆடும் ஊஞ்சல் பலகையும் சுமையாகத் தோன்றுகின்றன. மாற்று ஊரில் அடுக்குமாடி வீடு, அங்கே இடமில்லை. பழம்பொருள் வணிகர் வாசலுக்கே வந்து விலை பேசுகிறார். விற்றுவிடுகிறோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களின் மக்களுக்கும் இந்நிலையே வாய்த்தது. மண்சுவரை எடுத்துச் செல்ல இயலாது. நிலையையும் கதவையும் பெட்டியையும் எடுத்துச் செல்லலாம். அவ்வாறு சென்ற பொருள்களில் எத்தனை இன்று எவர் வீட்டில் உள்ளன?

எல்லாவற்றையும் வைத்துக் காப்பது எல்லார்க்கும் கூடுவதன்று. அதனை நாம் வற்புறுத்தவும் இல்லை. விற்கலாம், கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை செய்யலாம் அன்றோ? வீட்டு மூத்தவரிடம் அமர்ந்து, இந்தப் பெட்டியைச் செய்தவர் யார், எந்த ஊர் ஆசாரி, என்ன மரம், எந்தத் திருமணத்துக்குச் செய்தது, கூலி எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கலாம். நிழற்படம் ஒன்று எடுக்கலாம். பள்ளிவாசல் நிருவாகத்தார் மிம்பரையும் பழைய ரெஹால்களையும் பற்றித் தம் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். செலவு இல்லாத பணி இது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மறைந்தால், எழுபது ஆண்டுச் செய்தி அவருடன் மறைகிறது. நாகப்பட்டினத்துத் தச்சருக்கு நேர்ந்தது நம் ஊர் ஆசாரிக்கும் நேர வேண்டுமா?

மனிதன் பிறந்ததும் அவனை ஏந்துவது தச்சர் செய்த தொட்டில். அவன் ஓதக் கற்பது தச்சர் செய்த ரெஹாலின் முன். அவனுக்கு அறிவுரை பொழிவது தச்சர் செய்த மிம்பர். இறுதியில் நால்வர் தோளில் அவனைச் சுமந்து செல்வது, பள்ளிவாசலின் ஒரு மூலையில் எல்லார்க்கும் பொதுவாகக் காத்திருக்கும் சந்தூக்கு. அதுவும் தச்சர் செய்ததே. வாழ்வின் இரு முனையிலும் நம்மைத் தாங்கும் கைகளின் உரியவர் பெயரையேனும் நாம் அறிந்திருத்தல் நன்றி அறிதலின் முதற்படியாகும்.